ட்ரெய்லர் டயருக்கு டிபிஎம்எஸ் (ஓடும்போதே டயர் காத்து அளவ காட்டற கருவி) வாங்கணும்: மூடி சென்சாரா, உள்ள வைக்கறதா?

ரெட்டைஅச்சு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்பதான் மொத தடவையா கேள்வி கேக்கறேன், நீளமா போச்சுன்னா மன்னிச்சுக்கோங்க.

எங்ககிட்ட இருக்கறது 29 அடி ட்ராவல் ட்ரெய்லர், ரெண்டு ஆக்ஸில், நாலு டயர், ஒரு ஸ்டெப்னி. இழுக்கறது பிக்கப் ட்ரக். போன மாசம் ஹைவேல போயிட்டிருக்கேன், பக்கத்து லேன்ல ஒரு கார்க்காரர் ஹார்ன் அடிச்சுக்கிட்டே வர்றாரு, நான் ஏதோ அவர் வழிய மறிச்சுட்டேன் போலன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே ஒதுங்கி விட்டேன், மனுஷன் போகாம ஜன்னல எறக்கி பின்னாடி பின்னாடின்னு கைய காட்றாரு. ஓரங்கட்டி எறங்கிப் பாத்தா வலது பக்கம் பின் டயர் டயராவே இல்ல. ரிம்ம சுத்தி நார் நாரா ரப்பர் தொங்குது, வீலுக்கு மேல இருக்கற தகடு கிழிஞ்சு சுருண்டு கிடக்கு, டயருக்குள்ள இருந்த கம்பி வெளிய நீட்டிக்கிட்டு கேஸ் பைப்புக்கு ஒரு சாண் தூரத்துல நிக்குது. அத பாத்ததும் அடிவயிறு கலங்கிடுச்சு.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் என்னன்னா, எவ்ளோ நேரம் அப்டி ஓடுச்சுன்னே தெரியல. ஸ்டீயரிங்ல ஒரு ஆட்டம் கூட இல்ல. வீட்டம்மா பக்கத்து சீட்ல தூங்கிட்டு இருந்தாங்க, முழிக்கவே இல்ல. அந்த கார்க்காரர் இல்லன்னா அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிருப்பேன்.

அதனால இப்ப டிபிஎம்எஸ் வாங்கறதுன்னு முடிவு. ஆனா தேட ஆரம்பிச்சா தலை சுத்துது. வால்வு மூடிக்கு பதிலா திருகறது ஒண்ணு, அதுலயே கழட்டாம காத்து அடிக்கற மாதிரி நீளமானது ஒண்ணு, டயருக்குள்ள வைக்கறது ஒண்ணு, போன்ல ப்ளூடூத்ல காட்டறது ஒண்ணு, என் ட்ரக்லயே ட்ரெய்லர் டயர் காட்டற வசதி இருக்குன்னு மேனுவல்ல வேற போட்டிருக்கு. ரிப்பீட்டர்னு ஒண்ணு வேணும்ங்கறாங்க, அது எதுக்குன்னே புரியல. யாராச்சும் பயன்படுத்தறவங்க சொல்லுங்க. எது எடுத்தா நிம்மதியா இருக்கலாம்? அலாரம் எந்த அளவுல வைக்கணும்?

டயர் எஸ்டி (ட்ரெய்லருக்குன்னே செய்யற வகை) 225/75 ஆர் 15, லோட் ரேஞ்ச் (பாரம் தாங்கற அளவு) ஈ. ஸ்டிக்கர்ல காத்து அழுத்தம் 80 பிஎஸ்ஐ போட்டிருக்கு.


அச்சாணி:

ரெட்டைஅச்சு சார், மொதல்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, அது போதும். தகடு மாத்திக்கலாம்.

நீங்க எந்த கம்பெனி சென்சார் வாங்கினாலும் சரி, அதுக்கு முன்னாடி ஒரு வேல செய்ங்க. உங்க வீல்ல இருக்கற வால்வு ஸ்டெம் (காத்து அடிக்கற குழாய்) ரப்பரா உலோகமான்னு குனிஞ்சு பாருங்க. ரிம்ல இருந்து கருப்பா ரப்பர் குச்சி மாதிரி வந்து நுனியில மட்டும் பித்தள மரை தெரிஞ்சா அது ரப்பர் ஸ்டெம். அடியில நட்டு போட்டு இறுக்கி முழுசா உலோகமா இருந்தா நல்லது. சாதா ரப்பர் ஸ்டெம்முக்கு 65 பிஎஸ்ஐ தான் எல்லை, நீங்க 80 போடறீங்க. அதிக காத்துக்குன்னே தனி ரப்பர் ஸ்டெம் இருக்குதான், ஆனா சென்சார் மாட்டணும்னா நான் அதையும் நம்ப மாட்டேன்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா நான் பட்ட கதை இது. மூணு வருஷம் முன்னாடி ஆசையா மூடி சென்சார் வாங்கி அப்டியே ரப்பர் ஸ்டெம் மேல திருகிட்டேன். சென்சார் ஒண்ணும் பெரிய கனம் இல்ல, பத்து பதினஞ்சு கிராம்தான். ஆனா வீல் சுத்தும்போது அந்த பதினஞ்சு கிராம் வெளிப்பக்கமா இழுக்கும், ஸ்டெம் வளையும், ஒவ்வொரு சுத்துக்கும் இழுத்து இழுத்து அடியில ரப்பர் வெடிப்பு விட்டுடும். எனக்கு நாலாவது பயணத்துல ரெண்டு ஸ்டெம் ஒரே நாள்ல லீக். விரலால லேசா சாய்ச்சு பாத்தேன், அடியில வாய் தொறந்த மாதிரி கீறல், அதுக்குள்ள இருந்து உஸ்ஸுன்னு காத்து. பஞ்சர் ஆகாம பாத்துக்க வாங்கின சாமானே பஞ்சர் பண்ணிடுச்சு, வீட்ல இன்னும் சொல்லி சிரிக்கறாங்க.

அதுக்கப்புறம் நாலு வீலுக்கும் ஸ்டெப்னிக்கும் சேத்து மெட்டல் ஸ்டெம் போட்டேன். டயர ரிம்ல இருந்து கழட்டித்தான் போடணும், அதனால புது டயர் மாத்தும்போதே கேட்டு வாங்கிடுங்க. உங்களுக்கு எப்டியும் ஒரு டயர் மாத்தியாகணும், ஒரே கையோட எல்லாத்தையும் முடிச்சிடலாம்.

மூடி சென்சாரா நீளமானதா கேட்டீங்க. மூடி சென்சார் சின்னது, ஆனா காத்து அடிக்கணும்னா ஒவ்வொரு தடவையும் கழட்டணும். நீளமானதுல நுனியிலயே இன்னொரு வால்வு இருக்கும், கழட்டாம அடிக்கலாம், ஆனா கனமும் நீளமும் ஜாஸ்தி, மெட்டல் ஸ்டெம் இல்லாம அத நெனச்சே பாக்காதீங்க. டிஎஸ்டி மாதிரி கம்பெனில ரெண்டு வகையும் கெடைக்குது. நான் மூடிதான் வச்சிருக்கேன்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ரெண்டு வகையுமே வால்வு ஊசிய எந்நேரமும் அமுக்கிட்டே இருக்கும். அதாவது ஸ்டெம் உள்ள இருக்கற ஊசி இனிமே காத்த தடுக்காது, சென்சார்ல இருக்கற ரப்பர் வளையம்தான் தடுக்குது. அதனால மாட்டினதும் சோப்பு தண்ணி தடவி முட்டை விடுதான்னு பாக்கணும். ஒரு நிமிஷ வேல.


பழையசக்கரம்:

எதுக்கு இவ்ளோ தொல்ல? நான் 20 வருஷமா ட்ரெய்லர் இழுக்கறேன், ஒவ்வொரு தடவ நிறுத்தும்போதும் ஒரு கட்டையால டயர தட்டிப் பாப்பேன், டங்குனு சத்தம் வந்தா காத்து இருக்கு, பொத்துனு வந்தா இல்ல. பேட்டரி வேணாம் ஒண்ணும் வேணாம். இப்ப எல்லாத்துக்கும் ஒரு ஸ்க்ரீன் வேணும் உங்களுக்கு.


அச்சாணி:

அண்ணே, நீங்க தட்டறது நிக்கும்போது. அவருக்கு டயர் போனது ஓடும்போது. தட்டிட்டு கெளம்பி பத்தாவது நிமிஷம் ஆணி ஏறினா கட்ட என்ன செய்யும்? அதுவும் போக 80 போட்ட டயர்ல 55 இருந்தாலும் டங்குனுதான் சத்தம் வரும், நானே தட்டி பாத்திருக்கேன்.


பழையசக்கரம்:

சரி சரி, 55 விஷயம் ஒத்துக்கறேன். கட்டைய விட மாட்டேன்.


வெயில்மழை:

ரெட்டைஅச்சு அண்ணா, போன்ல ப்ளூடூத்ல காட்டறத பத்தி நான் சொல்றேன், ஏன்னா நான்தான் அதுல ஏமாந்தவ.

விலை கம்மியா இருக்கேன்னு வாங்கினேன். பார்க் பண்ணி வீல் பக்கத்துல நின்னா அழகா காட்டுது. ட்ரக்குக்குள்ள உக்காந்தா முன் ரெண்டு டயர் வருது, பின் ரெண்டும் வருது போகுது வருது. எங்க ட்ரெய்லர் 27 அடி, அதுக்கும் முன்னாடி ட்ரக் நீளம் வேற. நடுவுல அலுமினிய தகடு, இரும்பு சட்டம், ஃப்ரிட்ஜ், தண்ணி டேங்க்னு எல்லாம் சிக்னலுக்கு சுவரு மாதிரி நிக்குது. அந்த மாதிரி சாமான் காருக்கு சரி, நம்ம நீளத்துக்கு ஆகாது. தனி மானிட்டரோட வர்றதுல பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும், ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ். குறைஞ்ச அலைவரிசை தடுப்ப தாண்டி கொஞ்சம் நல்லாவே வரும்.

அப்பவும் உங்க நீளத்துக்கு ரிப்பீட்டர் வேணும்னுதான் சொல்வேன். ரிப்பீட்டர்ங்கறது வேற ஒண்ணும் இல்ல, சென்சார் சொல்றத காதுல வாங்கி சத்தமா திருப்பி சொல்ற பெட்டி. சீப்பு டப்பா அளவுதான் இருக்கும். 12 வோல்ட் வேணும். நான் ட்ரெய்லர் முன்பக்கம் பேட்டரி பக்கத்துல மாட்டியிருக்கேன், ஒரு சுவிட்சும் ஃப்யூஸும் வச்சு, இல்லன்னா மாசக்கணக்குல நிக்கும்போது பேட்டரிய கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிடும். சில பேர் சுவிட்ச் போட மறந்துட்டு சிக்னலே வரலன்னு கம்பெனிய திட்டுவாங்க (நானும்தான், ரெண்டு தடவ).

வாங்கறதுக்கு முன்னாடி கட்டாயம் பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, கடைக்காரங்க யாரும் இத சொல்ல மாட்டாங்க. ஒரு சென்சார் பேசறத நிறுத்திட்டா மானிட்டர் என்ன பண்ணும்? சிலது கடைசியா கேட்ட நம்பரையே காட்டிட்டு சும்மா இருக்கும். டயர் வெடிச்சு ஸ்டெம்மோட சென்சார் பிச்சுக்கிட்டு போயிடுச்சுன்னு வைங்க, மானிட்டர்ல 88 பிஎஸ்ஐ எல்லாம் நலம்னு காட்டிட்டே இருக்கும், நீங்க ரிம்ல ஓட்டிட்டு இருப்பீங்க. அதனால சிக்னல் காணோம்னு தனியா அலாரம் அடிக்குதான்னு பாத்து வாங்குங்க. வாங்கினப்புறம் சோதிச்சும் பாருங்க, ஒரு சென்சார கழட்டி தகர டப்பாக்குள்ள போட்டு மூடிட்டு எவ்ளோ நேரத்துல கத்துதுன்னு.

அப்புறம் பெரும்பாலான சென்சார் நின்னா தூங்கிடும், வண்டி நகந்தாதான் முழிக்கும். காலைல கெளம்பினதும் நாலு டயரும் ஸ்க்ரீன்ல வர சில நிமிஷம் ஆகும். மொத நாள் அது தெரியாம நடு ரோட்டுல நிறுத்தி மேனுவல் படிச்சவ நான்.


கணக்குப்பிள்ளை:

அலாரம் அளவு பத்தி யாரும் சொல்லல, அத நான் எடுத்துக்கறேன். பெருசா இருக்கும், பொறுமையா படிங்க.

ஸ்டிக்கர்ல போட்டிருக்கற 80 குளிர்ந்த டயருக்கு. குளிர்ந்த டயர்னா ராத்திரி முழுக்க நின்னு, காலைல வெயில் படறதுக்கு முன்னாடி, ஒரு கிலோமீட்டர் கூட ஓடாம இருக்கறது. அப்ப 80 இருக்கணும். ஓட ஆரம்பிச்சா சூடாகி 90, 92, வெயில் நாள்ல 95 கூட போகும். இது சகஜம், டயர் செஞ்சவனுக்கு தெரியும். ஸ்க்ரீன்ல 93 பாத்துட்டு பயந்து ஓரங்கட்டி காத்த எறக்கி விடறவங்க இருக்காங்க, அத மட்டும் செஞ்சிடாதீங்க. எறக்கினா ஆறினப்புறம் 70க்கு வந்து நிக்கும், மறுநாள் காத்து கம்மியான டயர்ல பாரத்த ஏத்திட்டு ஓட்டுவீங்க, பக்கம் வளைஞ்சு வளைஞ்சு சூடாகி அதுதான் வெடிக்கும்.

வானிலைக்கும் கணக்கு இருக்கு. 80 போட்ட டயர்ல 10 டிகிரி செல்சியஸ் மாறினா 3 பிஎஸ்ஐ மாறும். 25 டிகிரில 80 அடிச்சுட்டு மலை மேல போய் 5 டிகிரில எந்திரிச்சா 74 காட்டும். லீக் இல்ல, குளிர். அதே மாதிரி வெயில் படற பக்கம் ரெண்டு டயரும் நிழல் பக்கத்த விட மூணு நாலு ஜாஸ்தியா காட்டும், அதுக்கும் பயப்படாதீங்க.

அதனால கீழ் அலாரம் 72 வைங்க, அதாவது 10 சதம் கீழ. மேல் அலாரம் 100, 25 சதம் மேல. வெப்பத்துக்கு நெறைய மானிட்டர்ல 70 டிகிரின்னு வச்சே வரும், அப்டியே விட்டுடலாம். அமெரிக்காவுல காருக்கு இருக்கற விதிய பாத்துட்டு 25 சதம் எறங்கினா போதும்னு சில பேர் வைக்கறாங்க. அந்த விதி 2000-ல வந்த ட்ரெட் சட்டத்தால வந்தது, கார் வேன் சின்ன ட்ரக்குக்குத்தான், ட்ரெய்லர் அதுல சேரவே சேராது. 80-ல 25 சதம்னா 60. முழு பாரத்தோட 60-ல ஓடற ட்ரெய்லர் டயர் வெந்துடும்.

இப்ப முக்கியமான இடம். டயர் சூடாகி 92-ல ஓடிட்டிருக்கு, ஆணி ஏறிடுச்சு, காத்து எறங்குது. கீழ் அலாரம் 72. அப்ப 20 பிஎஸ்ஐ போனப்புறம்தான் மணி அடிக்கும், சூடான டயர்ல 20 போறதுன்னா பாதி கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். அதனால வேகமா எறங்கினா உடனே கத்தற வசதி, ரெண்டு மூணு பிஎஸ்ஐ சட்டுனு கொறஞ்சா எல்லைய தொடறதுக்கு முன்னாடியே சொல்றது, அது இல்லாத மாடல தொடாதீங்க. சில சென்சார் சும்மா இருக்கும்போது அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவதான் பேசும். 100 கிலோமீட்டர் வேகத்துல அஞ்சு நிமிஷம்னா 8 கிலோமீட்டர் தாண்டிட்டீங்க. வேகமா மாறினா உடனே பேசணும், வழக்கமா எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவ பேசுதுங்கறது அதுக்கு அடுத்ததுதான்.

சில மானிட்டர்ல நீங்க நம்பர் தட்ட வேணாம், ஒரு பட்டன அமுக்கினா இப்ப இருக்கற காத்த அடிப்படையா எடுத்துக்கிட்டு சதவீதம் அதுவே போட்டுக்கும். அத சாயங்காலம் ஊர் போய் சேந்ததும் சூட்டோட அமுக்கிடாதீங்க. 92 அடிப்படைன்னு எடுத்துக்கும், அதுல 10 சதம் கீழ 83, மறுநாள் காலைல சரியா 80 இருக்கற டயருக்கு நாலு பக்கமும் கத்தும். என் சொந்தக்காரர் ஒருத்தருக்கு இதே கதைதான், புலி வருது புலி வருதுன்னு தினமும் கத்தி கத்தி கடைசில சத்தத்தையே அணைச்சு வச்சிட்டாரு. நெசமா புலி வந்தப்ப மானிட்டர் சிவப்பா மின்னிட்டே இருந்திருக்கு, அவர் பாட்டு கேட்டுட்டு இருந்திருக்காரு.

அடுத்தது இந்த வெப்ப நம்பர ரொம்ப நம்பாதீங்க. மூடி சென்சார் வெளிய காத்துல சுத்திட்டு இருக்கு, டயர் உள்ள இருக்கற சூட்ட அது முழுசா உணராது. நம்பர் எவ்ளோங்கறத விட நாலுல ஒண்ணு மட்டும் தனியா ஏறுதான்னு பாருங்க.


ரெட்டைஅச்சு:

அப்பப்பா, இவ்ளோ எதிர்பாக்கல. எல்லாருக்கும் நன்றி.

அச்சாணி சார், குனிஞ்சு பாத்தேன். நாலும் ரப்பர். ஸ்டெப்னியும் ரப்பர். வாங்கினப்பவே 80 போட்டு இந்த ஸ்டெம்மோட குடுத்திருக்காங்க, என்னத்த சொல்ல.

வெயில்மழை சகோ, ப்ளூடூத் பட்டியல்ல இருந்து தூக்கிட்டேன். ட்ரக்லயே வர்ற வசதி பத்தி யாராச்சும் சொல்லுங்க? அது டயருக்குள்ள வைக்கறது தானே, அப்ப ஸ்டெம் பிரச்சனையே இல்லையே?


நெடும்பயணி:

அத நான் வச்சிருக்கேன். நல்லது பாதி கெட்டது பாதி.

நல்லது சொல்றேன். உள்ள இருக்கறதால யாரும் திருட முடியாது, கல்லு அடிக்காது, வெப்பம் மூடி சென்சார விட நம்பகமா காட்டும், டேஷ்போர்டுலயே வரும், தனியா ஒரு ஸ்க்ரீன் ஒட்டி வயர் தொங்க விட வேணாம். காத்து அடிக்கறது சாதாரணமா அடிக்கலாம்.

கெட்டது என்னன்னா அந்த சென்சார் அந்த ட்ரக் கம்பெனி பாஷ மட்டும்தான் பேசும். நாளைக்கு ட்ரக்க மாத்தினா உள்ள இருக்கற நாலும் வேஸ்ட். ட்ரெய்லர வேற யார்கிட்டயாவது இழுக்க குடுத்தாலும் அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பேட்டரி மாத்த முடியாது, சீல் பண்ணிருக்கும், சில வருஷம் கழிச்சு செத்துச்சுன்னா டயர பிரிச்சு சென்சாரையே தூக்கி போட்டு புதுசு வைக்கணும். மூடி வகைல பல மாடல்ல சிஆர் 1632 மாதிரி வட்ட பேட்டரி, மூடிய திருகி நாமளே போட்டுக்கலாம்.

இன்னொண்ணு, உள்ள வைக்கற சென்சார் எல்லாம் 80 பிஎஸ்ஐ தாங்காது. காருக்கு செஞ்சத ட்ரெய்லர்ல வைக்க நெனைக்காதீங்க, எவ்ளோ வரைக்கும் அளக்கும்னு பாத்துதான் வாங்கணும்.

எனக்கு எப்டின்னா, அடுத்த ஏழெட்டு வருஷம் இதே ட்ரக் இதே ட்ரெய்லர்னு தெரியும், அதனால உள்ள வச்சேன். உங்க ட்ரக் வயசு என்ன?


ரெட்டைஅச்சு:

ஏழு வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷத்துல மாத்தலாம்னு பேச்சு ஓடிட்டிருக்கு.


நெடும்பயணி:

அப்ப உள்ள வைக்காதீங்க. மெட்டல் ஸ்டெம், மூடி சென்சார், ரிப்பீட்டர். முடிஞ்சது.


பழையசக்கரம்:

நான் குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. எல்லாரும் சென்சார் பத்தியே பேசறீங்க, அந்த டயர் ஏன் போச்சுன்னு யாராவது கேட்டீங்களா? தம்பி, டயர் பக்கத்துல டாட் (DOT)னு எழுதி கடைசில நாலு நம்பர் இருக்கும், அத படிச்சு சொல்லுங்க. 3219-னு இருந்தா 2019-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் செஞ்சது. நம்ம ட்ரெய்லர் டயர் தேஞ்சு சாகாது, நின்னு நின்னு சாகும். பூ (ரோட்டுல படற பட்டன் பக்கம்) நல்லா இருக்கும், உள்ள ரப்பர் காஞ்சிருக்கும். அஞ்சு ஆறு வருஷம் தாண்டினா பூ எப்டி இருந்தாலும் நான் கழட்டிடுவேன்.

வேகமும் பாருங்க. எஸ்டி டயர்ல வேற எதுவும் போடலன்னா 105 கிலோமீட்டர் வேகம்தான் அதுக்கு எல்லை. எல்னு போட்டிருந்தா 120, எம்னு போட்டிருந்தா 130. டயருக்கு முடியும்னா நாம போகணும்னு இல்ல.

பாரம் எவ்ளோன்னு எடை போட்டீங்களா?


ரெட்டைஅச்சு:

அண்ணே, படிச்சேன். ஏழு வருஷ டயர். ட்ரெய்லரோட வந்ததே. பூ புதுசு மாதிரி இருந்துச்சு, அத நம்பிட்டேன்.

எடை போட்டேன், சாமான் தண்ணி எல்லாத்தோடயும் ஆக்ஸில் ரெண்டுக்கும் சேத்து 3400 கிலோ கிட்ட.


கணக்குப்பிள்ளை:

அப்ப ஒரு பக்கத்துக்கு 1700 வருது, ரெண்டு பக்கமும் சமம்னு வச்சுக்கிட்டா. உங்க டயர் ஒண்ணு 80-ல 1285 கிலோ தாங்கும், ஒரு பக்கத்துக்கு ரெண்டு டயர், தாராளம். ஆனா ஒண்ணு காத்து போச்சுன்னா அந்த 1700-ல பெரும்பகுதி பக்கத்து டயர் தலைல விழுது. 1285 தாங்கறவன் மேல 1700 கிட்ட. ரெட்டை ஆக்ஸில்ல நமக்கு ஆட்டம் தெரியாம போறதும் இதனாலதான், பக்கத்துக்காரன் பல்ல கடிச்சுக்கிட்டு தாங்கிட்டு வர்றான். உங்க வலது முன் டயர் இப்ப பாக்க நல்லா இருந்தாலும் அத நம்பாதீங்க, அதுவும் அடி வாங்கினதுதான்.

ஏழு வருஷம்னா நாலையும் மாத்திடுங்க. பழையசக்கரம் அண்ணன் கட்டைய வச்சு கேட்டதுலயே இதுதான் நல்ல கேள்வி.


பழையசக்கரம்:

கட்டைய கிண்டல் பண்ணாம ஒரு நாள் தூங்க மாட்டீங்களா.


வெயில்மழை:

மாட்டும்போது ரெண்டு சின்ன விஷயம். சென்சார் உள்மரை அலுமினியமா இருந்து ஸ்டெம் பித்தளையா இருந்தா மழை, ரோட்டு உப்பு பட்டு ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும், அப்புறம் கழட்ட முடியாது. மரைல சிலிகோன் க்ரீஸ் ஒரு பொட்டு தடவுங்க, துளைக்குள்ள போகாம. அப்புறம் எந்த சென்சார் எந்த வீல்னு பெயிண்ட் பேனால எழுதி வைங்க. நான் கழுவறதுக்கு கழட்டிட்டு மாத்தி மாட்டிட்டு, மானிட்டர் இடது பின் டயர்னு கத்துது, நான் இடது பின் டயர அரைமணி நேரம் தடவி பாத்துட்டு நிக்கறேன், காத்து போனது வலது முன்.


ரெட்டைஅச்சு:

மூணு வாரம் ஆச்சு, வந்து சொல்லலன்னா நல்லா இருக்காதுன்னு எழுதறேன்.

ஸ்டெப்னியோட சேத்து அஞ்சு டயரும் புதுசு, அஞ்சுக்கும் மெட்டல் ஸ்டெம். ரிம் 80 தாங்குமான்னும் பின்னாடி முத்திரைய பாத்துக்கிட்டேன், தாங்கும். மூடி சென்சார் செட், ரிப்பீட்டரோட. வேகமா எறங்கினா கத்தறதும் சிக்னல் காணோம் அலாரமும் ரெண்டும் இருக்கறதா பாத்து எடுத்தேன். தகர டப்பா சோதனை பண்ணினேன், பத்து நிமிஷம் கழிச்சு கத்துச்சு, சுமார்தான், ஆனா கத்துச்சு. ஸ்டெப்னிக்கும் ஒரு சென்சார் போட்டேன், பழைய ஸ்டெப்னில 41 பிஎஸ்ஐ இருந்தத பாத்தப்புறம்.

காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு நாலுக்கும் 80 அடிச்சு, சோப்பு தண்ணி தடவினேன். இடது பின் பக்கத்துல மட்டும் ஊசி முனை அளவுக்கு முட்டை ஒண்ணு விட்டு விட்டு வந்துச்சு. கழட்டிப் பாத்தா சென்சார் உள்ள ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடிஞ்சு உக்காந்திருக்கு. நகத்தால நேர் பண்ணி திரும்ப மாட்டினதும் நின்னுடுச்சு. சோப்பு தடவலன்னா இத கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்.

மொத பயணம் 300 கிலோமீட்டர். வெயில் பக்கம் 93, 92, நிழல் பக்கம் 90, 89. கணக்குப்பிள்ளை சார் சொன்ன மாதிரியே. மொத ஒரு மணி நேரம் ரோட்ட பாத்தத விட ஸ்க்ரீன பாத்ததுதான் ஜாஸ்தி, வீட்டம்மா மானிட்டர அவங்க பக்கம் திருப்பி வச்சுக்கிட்டாங்க.

ஒரே ஒரு சந்தேகம். வலது முன் வீல் மட்டும் வெப்பம் மத்த மூணையும் விட எப்பவும் 9, 10 டிகிரி ஜாஸ்தியா காட்டுது. காத்து சரியா இருக்கு. சென்சார் கோளாறோன்னு வலதுல இருந்தத இடதுக்கு மாத்திப் பாத்தேன், சூடு சென்சாரோட போகல, வீல்லயே இருக்கு. நிறுத்தினப்ப ஹப் (வீல் நடுப்பகுதி) மேல சூடு அளக்கற இன்ஃப்ராரெட் துப்பாக்கி காட்டினா மத்தது 45, இது 71.


அச்சாணி:

அது டயர் இல்ல சார். ப்ரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுது, இல்லன்னா பேரிங். ஜாக்கி போட்டு அந்த வீல மட்டும் தூக்கி கையால சுத்தி பாருங்க, சொர சொரன்னு கேக்குதா, இல்ல சுத்தவே இறுக்கமா இருக்கான்னு. பாத்துட்டு எழுதுங்க, அது வரைக்கும் இழுக்க வேணாம்.


ரெட்டைஅச்சு:

தூக்கிட்டேன். அரை சுத்து கூட போகல, நின்னுடுது. ப்ரேக்தான். நாளைக்கு ட்ரம்ம கழட்டறேன்.